கருப்பு முதலில் ஓடிய வருஷம்

எங்கள் பிரஸ்ஸில் இப்போது மிஷின் பார்க்கும் சண்முகவேல் போன வாரம் வீட்டுக்கு வந்தார். மாடி அறையில் தங்கிப் படம் வரைய இந்த வருஷமும் ஒரு ஓவியர் வருகிறாராம். அவர் கையில் கொடுப்பதற்கு, இந்த வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"மொதப் படத்த ஓட்டுனது நீங்கதான அண்ணே. எங்களக் கேட்டா என்னத்தச் சொல்ல?"

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதியதெல்லாம் மிஷின் ரிப்போர்ட்டும் மகள் கல்யாணப் பத்திரிகையில் விலாசமும்தான். ஆனாலும் இதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அம்மனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மீசை அரும்பும் வயதில் சிவகாசிக்குத் தாள் அடுக்கப் போனவன் நான். தாள் அடுக்கி, ரோலர் கழுவி, மை கிண்டி, ஒருநாள் மிஷின் என் கைக்கு வந்தது. அதன் பிறகு வேலையை விடும் வரைக்கும் அதே பிரஸ், அதே முதலாளி. திருத்தங்கலில் இருந்து காலை பஸ், சாயங்காலம் பஸ். நான் அடித்தது பெரும்பாலும் காலண்டர் படங்கள். பிள்ளையார், முருகன், மகாலட்சுமி. இந்தக் கை தொடாத சாமி இல்லை என்று என் வீட்டுக்காரி ராஜாமணி அடுத்த வீட்டில் பெருமையாகச் சொல்லுவாள். என்னிடம் மட்டும், "அம்புட்டுச் சாமியும் உங்க சட்டையிலதான் இருக்கு, தொவச்சா போக மாட்டேங்குது" என்பாள்.

அச்சுத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கலர் படத்தை ஒரே மையில் அடிக்க முடியாது. மஞ்சளுக்கு ஒரு பிளேட், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று. நாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் படம். நாலையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பெரிய மிஷினும் எங்களிடம் உண்டு. நான் பார்த்தது ஒற்றைக் கலர் மிஷின். ஒரே தாள் நாலு தடவை உள்ளே போய் வரவேண்டும். முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அதன்மேல் நீலம். கருப்பு எப்போதும் கடைசி.

கருப்பு கடைசி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று கலரும் ஏறின பிறகும் சாமி முகம் தூங்குகிற முகம் மாதிரிதான் இருக்கும். கருப்பு விழும்போதுதான் புருவமும் கண்மணியும் வரும். அதனால் எங்கள் மிஷின் ரூமில் கருப்பு ஓட்டுவதைக் 'கண் திறப்பு' என்று சொல்லுவோம். "கண் தொறந்தாச்சா?" என்று கேட்டால் கருப்பு ஓடி முடிந்ததா என்று அர்த்தம். கண் திறக்கும் ஓட்டத்துக்கு நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிஷின் பக்கம் போவேன். கண் திறந்த பிறகு வீணாகும் தாளில் ரோலர் துடைக்க விடமாட்டேன்.

எங்கள் முதலாளியைச் சின்னவர், பெரியவர் எல்லாருமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாள் பார்க்கும் விதம் தனி. முதல் நல்ல தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ட்யூப் லைட்டில் பார்க்கமாட்டார். எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் பிடிப்பார். அதுவும் தலைகீழாகப் பிடிப்பார். பிள்ளையார் தலை கீழே, கால் மேலே. நேராகப் பார்த்தால் சாமி முகம் நம்மை மயக்கிவிடும், தலைகீழாகப் பிடித்தால் கலர் மட்டும்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. ஒரு வார்த்தை பேசமாட்டார். பிடித்திருந்தால் தாளின் வலது மூலையைக் கொஞ்சமாக மடித்துத் திருப்பிக் கொடுப்பார். மடித்தால் ஓட்டலாம். பிடிக்கவில்லை என்றால் தாளைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். அந்தத் துடைப்பு ஒரு திட்டுக்குச் சமம். மடிக்காமல், துடைக்காமல் ஒரு தாள் அவரிடமிருந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின சித்திரையில் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, "மாடியில ரெசிடென்சி ஒண்ணு வைக்கப் போறோம்" என்றார். நம்ம பக்கம் ரெசிடென்சி என்றால் லாட்ஜுக்கு வைக்கும் பெயர். சண்முகவேல் அப்போது என்னோடு மிஷினில் இரண்டாவது ஆள். அவர் மெதுவாக, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வச்சா நல்லா ஓடுமே அண்ணாச்சி, இங்கன யாரு வந்து தங்குவா?" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். வந்து தங்கப் போவது ஓவியர் ஒருவர். மூன்று மாசம் மாடி அறையில் தங்கி, இந்தச் சுற்றுவட்டாரத்தை நடந்து பார்த்து, கண்ணில் பட்ட நிலத்தை வரைவார். நாம் அதைக் காலண்டராக அடிக்க வேண்டும். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த அண்ணாச்சி மகள் சொன்ன யோசனை.

மாடி அறை அதுவரை பேப்பர் குடோன். தாளையெல்லாம் இறக்கி, வெள்ளை அடித்து, கட்டில் போட்டோம். வந்தவர் மேகலா என்ற பெண். கோயம்புத்தூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வந்த அன்றைக்கே அண்ணாச்சி எல்லார் முன்னாலும் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு தாயி. நாங்க அடிக்கிறது காலண்டரு. அது கண்காட்சியில இல்ல, கடைச் சுவத்துல தொங்கணும். தொங்கிருச்சுன்னா வருஷா வருஷம் ஒரு ஆள் வந்து தங்கட்டும். தொங்கலைன்னா மாடிக்குத் திரும்பவும் பேப்பர் ஏறிடும். நெசத்தச் சொல்லிப்புட்டேன், வருத்தப்படாத."

"அது போதுங்க. எனக்கும் இந்த ஊர்ச் சுவத்துலதானுங்க தொங்கணும்" என்றார் அந்தப் பெண்.

அவர் வரைந்ததை முதலில் பார்த்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனைக்குட்டம் அணைக்கட்டுப் பக்கம், கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள். படத்தில் முக்கால்வாசி உழுதுபோட்ட கரிசல் மண். தூரத்தில் கரை, சீமைக்கருவேலம் ஒரு வரிசை, அதற்கும் அப்பால் பட்டாசுக் கம்பெனியின் சின்னச் சின்ன வெள்ளை ஷெட்டுகள். மேலே கொஞ்சம் வானம். ஆள் இல்லை, மாடு இல்லை, சாமி இல்லை. பட்டாசு ஊருக்கு வந்துவிட்டு ஒரு மத்தாப்பூ கூட வரையவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி மாடிக்கு வந்து பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் மேகலா, "ஒரு நிமிசங்க" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தூக்கித் தலைகீழாக வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதெங்கன படிச்ச?" என்று கேட்டார். "எங்க வாத்தியாருங்க. நேரா வச்சா பொருள்தான் கண்ணுக்குப் படும், கலர் படாதுன்னு சொல்லுவாருங்க." அண்ணாச்சி கீழே இறங்கினார். இறங்கும்போது என்னிடம், "மாடசாமி, இத நீரே ஓட்டும்" என்றார். பெரிய மிஷினுக்குக் கொடுக்காமல் என் மிஷினுக்குக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

முதல் ஓட்டம் ஓட்டினேன். சாமி படம் அடித்து அடித்துப் பழகின கை. முகம் ஜொலிக்க வேண்டும் என்பதற்காக மஞ்சளையும் சிவப்பையும் எப்போதும் ஒரு பிடி தூக்கித்தான் வைப்போம். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாவற்றுக்கும் இந்த ஊர் வழக்கம் அதுதான். கை தானாகவே தூக்கிவிட்டது. மேகலா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அண்ணா, இது ஆனைக்குட்டம் இல்லீங்க. ஆனைக்குட்டத்துக்குக் கல்யாணம்."

மிஷின் ரூமே சிரித்தது. சண்முகவேல், "கருவேல மரத்துக்குப் பட்டுச்சேல கட்டிவிட்டீகளே அண்ணே" என்றார். நானும்தான் சிரித்தேன்.

மஞ்சளையும் சிவப்பையும் இறக்கி ஓட்டினேன். வானம் சரியாக வந்தது, மரம் வந்தது, ஷெட்டு வந்தது. கருப்பு ஏறினதும் மண் செத்துவிட்டது. தார் ரோடு மாதிரி இருந்தது. கருப்பைக் குறைத்தேன், சாம்பல் ஆனது. கூட்டினேன், திரும்பவும் தார். மேகலா ஒரு பெரிய மண்கட்டியைக் கொண்டுவந்து, தாள் வந்து விழும் இடத்தில் வைத்தார். அதைத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தோம். ஒவ்வொரு தாளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரக் கரிசல் கருப்புத்தான், ஆனால் உள்ளே நீலம் ஓடுகிறது, அதற்குள்ளே செம்மை கிடக்கிறது. எங்கள் தாளில் வெறும் கருப்புத்தான் இருந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டார். ஆடிப் பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. சிவகாசிக் காலண்டர் தொழிலில் அந்த வருஷத்துப் படங்களையெல்லாம் சேர்த்துக் கட்டின ஆல்பத்துக்கு அன்றைக்குத்தான் பூஜை. ஏஜென்ட்டுகள் அன்றைக்குத்தான் ஆர்டர் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஆல்பத்தில் ஏறாத படம் அந்த வருஷம் பிறக்காத படம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் நல்ல மழை. மேகலா அந்த மண்ணை ஈரத்தோடு ஒரு தடவை நேரில் பார்க்க வரச் சொன்னார். ராஜாமணியும் கிளம்பிவிட்டாள். மூன்று பேரும் பஸ்ஸில் ஆனைக்குட்டம் போய் இறங்கினோம். உழுத காட்டுக்குள் கால் வைக்குமுன் ராஜாமணி குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எதுக்குங்கக்கா கண்ணுல ஒத்திக்கிறீங்க?" என்று மேகலா கேட்டார்.

"மிதிக்கப் போறோம்ல தாயி."

அவள் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னே நடந்துவிட்டாள். மண் காலில் அப்பிக்கொண்டு நடக்கவிடவில்லை. வரப்பில் உட்கார்ந்தோம். மேகலா பேச்சோடு பேச்சாக, "கருப்பு ஏங்கண்ணா எப்பவும் கடைசியில?" என்றார்.

"கண் தொறக்கத்தான். சாமிக்குக் கண்ணு கடைசியிலதான வரணும்."

"இந்தப் படத்துல கண்ணே இல்லீங்களே."

ராஜாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப இம்புட்டு நாளும் மொதல்ல வானத்த அடிச்சு, மரத்த அடிச்சு, எல்லாத்துக்கும் மேலயா மண்ணக் கொட்டுனீக?"

"கருப்பு கடைசின்னா அப்பிடித்தான்."

"நல்ல கூத்தா இருக்கு. மண்ணு அடியில கெடக்கிறது. அது கெடந்தாத்தான மத்ததெல்லாம் அதுமேல நிக்கும்?"

மேகலா என்னைப் பார்த்தார். நான் மேகலாவைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். கருப்பை முதலில் ஓட்டி, அதன்மேல் மற்ற மூன்றையும் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் மிஷினில் அப்படி யாரும் ஓட்டியதில்லை. சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அத்தனை வருஷம் கண் திறப்பு என்று கும்பிட்டு ஓட்டிய கலர்.

"யாரு சொன்ன யோசன? அந்தப் பிள்ளையா?"

"பாதி அவுக. மீதி எம் பொண்டாட்டி, அண்ணாச்சி."

அவர் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பொம்பளைக சொல்லிட்டாக. ஓட்டும்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டேன். கண் இல்லாவிட்டாலும் கருப்பு கருப்புத்தானே. வெள்ளைத் தாளில் கருப்பு மட்டும் விழுந்து வந்தபோது படம் எலும்பும் நிழலுமாக இருந்தது. சண்முகவேல், "பேய் மாதிரில்ல இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். காயவிட்டு நீலம் ஏற்றினேன். அச்சு மை கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதை முழுக்க மறைக்காது. கருப்புக்கு மேலே நீலம் ஈரம் மாதிரிப் படிந்தது. அதைக் காயவிட்டுச் சிவப்பு. சிவப்பைத் தூக்கிவிடாமல் இருக்க என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்ளாத குறைதான். மறுநாள் மஞ்சள். மஞ்சள் ஏறி முதல் தாள் வந்து விழுந்தது. மண்கட்டியைப் பக்கத்தில் வைத்தோம். எது தாள், எது கட்டி என்று சொல்ல முடியாது என்றால் அது பொய். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யார் பார்த்தாலும் சொல்லுவார்கள். சண்முகவேல் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலில் ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். என் வேலைக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டாம்.

அண்ணாச்சி வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் தலைகீழாகப் பிடித்தார். மேகலா அவர் பக்கத்தில் நின்று, பிடித்த தாளுக்கு ஏற்பத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. நான் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மடிக்கவில்லை. கண்ணாடியையும் துடைக்கவில்லை.

"கலருக்கு ஒரு கொற சொல்ல முடியாது, மாடசாமி. ஆனா இது காலண்டரான்னு நான் எப்பிடிச் சொல்ல? அதச் சுவருதான் சொல்லணும்." தாளை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

ஆடிப் பெருக்கன்று சீசனின் முதல் தாளை அம்மன் காலடியில் வைப்பது என் வேலை. எப்போதும் பிள்ளையார் படம்தான். அந்த வருஷமும் பிள்ளையார்தான். ஆனால் அதற்கு அடியில் கரிசல் தாளை விரித்து, அதன்மேல் பிள்ளையாரை வைத்தேன். பூசாரி, "என்னப்பா இது, சாமிக்குப் பாயா?" என்றார். "உக்கார எடம் சாமி" என்றேன். சூடம் காட்டிவிட்டுப் போனார்.

ஏஜென்ட்டுகள் ஆல்பத்தைப் புரட்டினார்கள். அந்தப் பக்கம் வந்ததும் எல்லார் கையும் வேகமாக ஓடியது. ஒருவர், "சாமி எங்க அண்ணாச்சி, மழைக்கு ஒதுங்கிட்டாரா?" என்று கேட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, விருதுநகர் மண்டிகளுக்குச் சப்ளை செய்யும் ஒரு ஏஜென்ட் மட்டும், "நம்ம ஊராட்டம் இருக்கு" என்று கொஞ்சம் எடுத்தார். மேகலா மாடியில் சாமான்களைக் கட்டினார். ஊருக்குப் போகும்போது, "பேப்பர் ஏத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா" என்றார். அடுத்து ஒரு ஆள் வருவதும் வராததும் அந்தப் பிள்ளையின் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. நான் வேலையை விடும் வாரம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "விருதுநகருக்கு ஒரு நட போயிட்டு வாரும். மண்டிச் சுவரெல்லாம் பாத்துட்டு வாரும்" என்றார்.

மண்டித் தெருவில் நுழைந்ததும் மிளகாய் வற்றல் நெடியில் தும்மல் வந்துவிட்டது. முதல் கடையில் எங்கள் படம் சுருட்டியபடி அலமாரிக்கு மேலே கிடந்தது. அடுத்த கடையில் மகாலட்சுமி தொங்கினாள். மூன்றாவது ஒரு வற்றல் கமிஷன் கடை. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வற்றல் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்ச் சுவரில் எங்கள் கரிசல் தொங்கியது. கிட்டே போனேன். மண்ணில் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு. ஒன்று இல்லை, வரிசையாக அஞ்சாறு.

கல்லாவில் இருந்தவரிடம், "சாமி படம் இல்லையே அண்ணாச்சி, பொட்டு வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"நான் எங்க வச்சேன். இந்தா இருக்காகளே, இவுக வேல. மொதல்ல ஒருத்தி வச்சா. மறுநா பாத்தா ஆளுக்கொண்ணு."

வற்றல் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "எங்க காடு மாதிரி இருக்குண்ணே. ஈரமா வேற இருக்கு. பாத்துக்கிட்டே சும்மா எப்பிடிப் போக?"

மழையை நம்பி விதைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். பக்கத்தில் இருந்தவர், "இவ காட்டுல என்னைக்கு இம்புட்டு ஈரம் கெடந்துச்சு? கேளுங்க அவகிட்ட" என்று சீண்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அதை அடித்தவன் நான்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இன்னொரு தடவை தும்மிவிட்டு வெளியே வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வற்றலைச் சாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொட்டு எங்கன வச்சிருந்தாக? வானத்துலயா?"

"மண்ணுல அண்ணாச்சி. அம்புட்டும் மண்ணுலதான்."

டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். வாசலுக்குப் போனார். இந்தத் தடவை தலைகீழாகத் திருப்பவில்லை, நேராகவே பிடித்துப் பார்த்தார். பிறகு வலது மூலையை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிரும், மாடசாமி. மாடிக்குப் பேப்பர் ஏறாதுன்னு."

அந்தத் தாள் எங்கள் பூஜை அறையில் சாமி படங்களுக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ராஜாமணி அதற்கும் பொட்டு வைக்கிறாள். சுவர் துடைக்கும்போது மூலையை நிமிர்த்தப் பார்த்தாள். நான் விடவில்லை.